பணம் நகரத்தினுடையது; வழித்தடத்தைத் தீர்மானிப்பது யார்?

கொச்சி மாநகராட்சியின் புதிய மன்றம் தனது முதல் நிதிநிலை அறிக்கைக்கு ஆயத்தமாகி வருகிறது. கடந்த டிசம்பரில் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில் அந்த மாநகராட்சி காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணியின் கைக்குச் சென்றது. ஐந்தாண்டுக் காலம் நிர்வாகத்தை நடத்திய இடது ஜனநாயக முன்னணி இப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறது. நாற்காலிகள் இடம் மாறியிருக்கின்றன. நகரத்தின் முன் நிற்கும் கேள்விகள் மாறவில்லை. அவற்றில் முக்கியமான ஒன்று, நகரப் பேருந்து பற்றியது. மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு மின்சாரப் பேருந்துகளை வாங்க மாநகராட்சி முன்வர வேண்டுமா? வாங்கினால் அவை யாருக்குச் சொந்தம்? எந்தத் தெருவுக்கு, எத்தனை மணி வரை, எவ்வளவு கட்டணத்தில் அவை ஓட வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

இது ஏட்டளவிலான விவாதம் அல்ல. மாநிலத் தலைநகரமான திருவனந்தபுரத்தில் 113 மின்சாரப் பேருந்துகளை முன்வைத்து இதே கேள்வி கடந்த சில வாரங்களாகச் சூடாக எழுந்திருக்கிறது. அங்கு நடந்ததிலிருந்து சரியான பாடத்தைக் கற்றுக்கொண்டால் கொச்சிக்கு நன்மை உண்டு. தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டால் பேருந்தும் போகும், நகரத்தின் உரிமையும் போகும்.

மெட்ரோ எட்டாத மேற்குக் கரை

1967 நவம்பர் 1 அன்று எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆகிய மூன்று நகராட்சிகளையும் வெலிங்டன் தீவையும் அண்டைப் பகுதிகளையும் இணைத்துக் கொச்சி மாநகராட்சி உருவாக்கப்பட்டது. காயலின் கிழக்கே எர்ணாகுளம்; மேற்கே மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் பள்ளுருத்தியும். நிர்வாகம் ஒன்றானது. ஆனால் இரு கரைகளும் சமமாக வளரவில்லை. உயர்நீதிமன்றம், பெரிய மருத்துவமனைகள், வணிக நிறுவனங்கள், அலுவலகங்கள் ஆகியவை கிழக்கில் குவிந்தன. சரக்குக் கிடங்குகளிலும் மசாலாப் பொருள் சந்தையிலும் மீன்பிடி துறையிலும் உழைத்த குடும்பங்கள் மேற்கில் நெருக்கடியான தெருக்களில் தங்கின. ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியிலுள்ள தோபி கானாவில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களும் அந்த உழைக்கும் மக்களில் அடக்கம்.

2017 ஜூன் 17 அன்று கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2024 மார்ச்சில் அது திருப்பூணித்துறை வரை எட்டியது. ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை வரை செல்லும் அந்தப் பாதை முழுவதும் கிழக்குக் கரையிலேயே இருக்கிறது. மேற்குக் கரையை இணைக்கும் பொறுப்பு நீர் மெட்ரோவிடம் விடப்பட்டது. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனுடன், சுமார் 1,137 கோடி ரூபாய் மதிப்பில், 38 படகுத் துறைகளையும் 78 படகுகளையும் இலக்காகக் கொண்ட திட்டம் அது. பொதுத்துறை நிறுவனமான கொச்சி கப்பல் கட்டும் தளம் அதன் மின்சாரப் படகுகளைக் கட்டியது. இந்தியாவுக்கே எடுத்துக்காட்டான சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2023 ஏப்ரலில் தொடங்கிய அந்தச் சேவை மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தது 2025 அக்டோபர் 11 அன்றுதான். மட்டாஞ்சேரி, வெலிங்டன் தீவு ஆகிய இரு நிலையங்களையும் அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் திறந்து வைத்தார்.

படகு வந்துவிட்டது. படகுத் துறையிலிருந்து வீட்டுக்குச் செல்ல என்ன வழி? நீர் மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். அதற்கு மேல் ஆட்டோவுக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்றால், துணிக்கடையிலோ வீட்டு வேலையிலோ நாட்கூலி பெறும் பெண்ணுக்கு அந்தச் சேவை எட்டாத ஒன்றாகவே இருக்கும். கொச்சி மெட்ரோ நிறுவனம் 2025 ஜனவரியில் சுமார் 15 கோடி ரூபாய் செலவில் 15 மின்சாரப் பேருந்துகளை இணைப்புச் சேவையாகத் தொடங்கியது. ஆலுவா–விமான நிலையம், களமசேரி, காக்கநாடு–இன்ஃபோபார்க், உயர்நீதிமன்றம்–எம்.ஜி. சாலை, கடவந்திரா ஆகியவையே தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட வழித்தடங்கள். குளிரூட்டப்பட்ட அந்தப் பேருந்துகளிலும் குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். கேரளத்தின் சாதாரணப் பேருந்துகளில் 2022 மே முதல் இருந்துவரும் குறைந்தபட்சக் கட்டணத்தைப் போல இரு மடங்கு. மெட்ரோ நிறுவனம் தன் பயணிகளைத் தன் நிலையத்துக்குக் கொண்டுவருவதற்காகப் பேருந்து விடுகிறது. அதைக் குறை கூற முடியாது. மெட்ரோவுக்கு அப்பால் இருப்பவருக்காகப் பேருந்து விடுவது யார் பொறுப்பு என்ற இடத்தில்தான் வெற்றிடம் இருக்கிறது.

அந்த வெற்றிடத்தை இன்றுவரை நிரப்பிவருபவை தனியார் பேருந்துகள். தோப்பும்படி வழியாக எர்ணாகுளத்துக்குச் செல்லும் கூட்டத்தைச் சுமப்பவை பெரும்பாலும் அவையே. வசூல் அதிகமுள்ள நேரத்தில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும். வசூல் குறையும் இரவு நேரத்தில் காணாமல் போகும். இலாபத்துக்காக இயங்கும் எந்தச் சேவைக்கும் இதுவே இயல்பு.

நிறுத்தம் நகரத்துக்கு, பேருந்து வேறு யாருக்கோ

நகரப் பேருந்து பற்றிய குழப்பத்தின் வேர் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் அதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. 17ஆவது இனத்தில் தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பொதுக் கழிப்பறை ஆகியவற்றோடு பேருந்து நிறுத்தமும் இடம்பெற்றிருக்கிறது. பேருந்துச் சேவை அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. நிழற்குடை அமைக்கும் கடமை மாநகராட்சிக்கு. அந்த நிழற்குடைக்கு முன் பேருந்து நிற்குமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

வழித்தட அனுமதி மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம் இருக்கிறது. அரசுப் பேருந்தின் கால அட்டவணை போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கிறது. இதன் விளைவு என்ன என்பதை வைப்பின் தீவு மக்கள் நன்கறிவர். கோஶ்ரீ பாலங்கள் திறக்கப்பட்ட பிறகும், தீவிலிருந்து வரும் தனியார் பேருந்துகள் நெடுங்காலம் உயர்நீதிமன்றச் சந்திப்பிலேயே பயணிகளை இறக்கிவிட்டன. நகருக்குள் செல்ல இன்னொரு பேருந்து, இன்னொரு கட்டணம். பாலம் கட்டியாகிவிட்டது, அனுமதிச் சீட்டு மட்டும் பாலத்தைக் கடக்கவில்லை.

இந்தச் சிதறலைச் சரிசெய்யவே கேரள சட்டமன்றம் பெருநகரப் போக்குவரத்து ஆணையச் சட்டத்தை 2019இல் நிறைவேற்றியது. 2020 நவம்பர் 1 அன்று கொச்சிப் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் தொடங்கி வைக்கப்பட்டது. மெட்ரோ, படகு, பேருந்து, ஆட்டோ ஆகிய அனைத்தையும் ஒரே திட்டத்தின்கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். நோக்கம் முற்போக்கானது. ஆனால் சொந்த நிதியும் முழுநேர ஊழியர் பலமும் இல்லாத ஆணையம் பெயர்ப் பலகையாகவே நின்றுவிடும். அதற்கு உயிரூட்டும் வழிகளில் ஒன்று, நகர உள்ளாட்சி தன் பணத்தோடு அந்த மேசையில் வந்து அமர்வது.

113 பேருந்துகள் சொல்லும் பாடம்

திருவனந்தபுரத்தில் ஸ்மார்ட் சிட்டி நிதியிலிருந்து 113 மின்சாரப் பேருந்துகள் வாங்கப்பட்டன. மாநகராட்சி, ஸ்மார்ட் சிட்டி நிறுவனம், போக்குவரத்துக் கழகம் ஆகியவற்றுக்கிடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஸ்விஃப்ட் நிறுவனம் அவற்றை இயக்குகிறது. நகருக்குள் 10 ரூபாய்க்குப் பயணம் செய்யலாம் என்ற நிலை ஏற்பட்டபோது மாணவர்களும் பெண்களும் பெருமளவில் அந்தப் பேருந்துகளை நாடினர். அன்று மாநகராட்சி இடதுசாரிகளின் நிர்வாகத்தில் இருந்தது.

டிசம்பர் தேர்தலில் 101 வார்டுகளில் 50ஐ வென்று பாஜக அந்த மாநகராட்சியைக் கைப்பற்றியது. மேயர் வி.வி. ராஜேஷ் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே, மாநகராட்சியின் பங்களிப்பில் வாங்கிய பேருந்துகள் நகரத்துக்கு வெளியே ஓடுகின்றன, ஒப்பந்தப்படி மாநகராட்சிக்குரிய பங்கும் வரவில்லை என்று பிரச்சினை கிளப்பினார். போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ்குமாரோ, மாநகராட்சி எழுதிக் கொடுத்தால் பேருந்துகளைத் திருப்பித் தந்துவிடத் தயார், கழகம் வேறு பேருந்துகளைக் கொண்டுவந்து ஓட்டிக்கொள்ளும் என்று பதிலளித்தார். பேருந்துகளைத் திரும்பப் பெறும் எண்ணமில்லை என்று மேயர் பின்னர் விளக்கம் கூறினார்.

பாஜகவின் நோக்கத்தில் மயக்கம் கொள்ளத் தேவையில்லை. நகரத்தின் உரிமைக்காகக் கண்ணீர் வடிக்கும் அந்தக் கட்சிதான் ஒன்றியத்தில் ஆட்சி நடத்துகிறது. பதினான்காவது நிதிக்குழுக் காலத்தில் 2.5 விழுக்காடாக இருந்த கேரளத்தின் வரிப் பங்கு பதினைந்தாவது நிதிக்குழுவில் 1.925 விழுக்காடாகக் குறைந்தது அந்த ஆட்சியில்தான். ஸ்மார்ட் சிட்டி என்பது ஒன்றிய அரசின் கொடை என்ற பிரச்சாரமும் உண்மையல்ல. ஒன்றிய அரசின் 500 கோடிக்கு நிகராக மாநில அரசும் 500 கோடி அளிக்க வேண்டும். அதற்கு மேல் மாநகராட்சியும் தன் பங்கைச் செலுத்த வேண்டும் என்பதே அங்கு இருந்த ஏற்பாடு. நகர எல்லைக்கு வெளியே ஒரு பேருந்தும் போகக்கூடாது என்பதும் அபத்தம். காலையில் நகரத்துக்கு வேலைக்கு வரும் தொழிலாளி வாழ்வது புறநகர்ப் பஞ்சாயத்தில். மாநகராட்சி எல்லைக் கல்லில் பேருந்தை நிறுத்தினால் நடந்து போக வேண்டியவர் அவர்தான்.

எனினும் பாஜக எழுப்புகிறது என்பதற்காகக் கேள்வியே பொய்யாகிவிடாது. உள்ளாட்சி பணம் போட்டது. வழித்தடத்தை மாற்றும்போது அதன் மன்றத்தில் விவாதிக்கப்பட்டதா? வரவும் செலவும் ஆண்டுதோறும் மன்றத்தின் முன் வைக்கப்பட்டனவா? இந்த ஏற்பாடுகள் எழுத்திலும் நடைமுறையிலும் உறுதியாக இருந்திருந்தால், மேயர் நாற்காலியில் யார் வந்து அமர்ந்தாலும் பேருந்தை அரசியல் பகடையாக்க முடிந்திருக்காது. பேருந்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அமைச்சர் கூறும் நிலையும் ஏற்பட்டிருக்காது. திருப்பித் தருவதற்கும் பெற்றுக்கொள்வதற்கும் அது இருவரின் சொத்தும் அல்ல. அந்த நகரத்தில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் மக்களின் சொத்து.

கொச்சிக்கும் இது புதிய அனுபவம் அல்ல. ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் கேரளத்தின் இரு நகரங்களாகத் தேர்வானவை திருவனந்தபுரமும் கொச்சியும். நகரப் போக்குவரத்துக்கென வாங்கப்பட்ட தாழ்தளப் பேருந்துகள் நாளடைவில் மாவட்டம் விட்டு மாவட்டம் ஓடின. அவற்றுக்கென 2015இல் தேவராவைத் தலைமையிடமாகக் கொண்டு தனி நிறுவனமே தொடங்கப்பட்டது. பராமரிப்புக்குப் பணமின்றிப் பல பேருந்துகள் அதே தேவராவில் துருப்பிடித்தன. வாங்குவதற்கு ஒருமுறை பணம் வரும். ஓட்டுவதற்கு ஒவ்வொரு நாளும் பணம் வேண்டும் என்பதை மறந்த திட்டங்களின் முடிவு அது.

தில்லி வீசும் வில்லைகள்

ஒன்றிய அரசு இன்று முன்வைக்கும் வழி வேறு வகையானது. 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் இ-பஸ் சேவா திட்டத்தின் மதிப்பு 57,613 கோடி ரூபாய். அதில் ஒன்றியத்தின் பங்கு 20,000 கோடி மட்டுமே. மீதம் மாநிலங்களின் பொறுப்பு. போட்டி முறையில் தேர்ந்தெடுக்கப்படும் நகரங்களில் 10,000 பேருந்துகள் ஓடும். அவற்றை வாங்குவதும் சொந்தமாக வைத்திருப்பதும் தனியார் நிறுவனங்கள். 12 மீட்டர் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாய் வீதம் பத்தாண்டுகளுக்கு ஒன்றிய அரசு தரும். அதற்கு மேல் ஆகும் தொகை எவ்வளவு உயர்ந்தாலும் மாநிலமும் நகரமும் சுமக்க வேண்டும்.

தனியார் நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணம் தாமதமாகிவிடக் கூடாது என்பதில் ஒன்றிய அரசு காட்டும் அக்கறை அளவற்றது. 2024 செப்டம்பரில் இதற்கென்றே 3,435 கோடி ரூபாயில் பணப் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்று கொண்டுவரப்பட்டது. போக்குவரத்துக் கழகம் தவணை தவறினால் இந்த நிதியிலிருந்து நிறுவனத்துக்குப் பணம் போகும். பிறகு ரிசர்வ் வங்கியிலுள்ள மாநில அரசின் கணக்கிலிருந்து நேரடியாக அது பிடித்துக்கொள்ளப்படும். அதற்கான அதிகாரத்தை மாநிலம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்துக்கு இல்லாத உத்தரவாதம், ஆசிரியர் ஊதியத்துக்கு இல்லாத உத்தரவாதம், பேருந்து முதலாளிக்குக் கிடைக்கிறது. கூட்டாட்சியைப் பற்றிக் கவலைப்படும் எவரும் இதை ஒரு சாதாரண நிர்வாக ஏற்பாடாகக் கருத முடியாது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டமோ 40 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒன்பது பெருநகரங்களுக்கே மின்சாரப் பேருந்துகளை ஒதுக்குகிறது. கொச்சிக்கு அதில் இடமே இல்லை.

மட்டாஞ்சேரியின் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு 'சாப்பா' என்ற சொல் மறக்காது. துறைமுகத்தில் வேலைக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகள் வீசப்படும். முட்டி மோதி அதைக் கைப்பற்றியவருக்கே அன்றைய வேலை. அந்த இழிவுக்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. செய்து, செய்தலவி, ஆண்டணி ஆகிய தொழிலாளர்கள் அந்தப் போராட்டத்தில் உயிர் நீத்தனர். அரசமைப்புச் சட்டப்படி தங்களுக்குரிய வருவாயைத் தில்லியிடம் இழந்துவிட்டு, அதே பணம் திட்டம் என்ற பெயரில் வீசப்படும்போது நகரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள வேண்டும் என்பது அந்த வில்லை முறையின் மறுபிறப்பு. வேலை உரிமையாக வேண்டும் என்று கேட்ட மண்ணில், போக்குவரத்து நிதியும் உரிமையாகவே கேட்கப்பட வேண்டும்.

வாடகைப் பேருந்தின் கணக்கு

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த ஒப்பந்த முறை அறிமுகமானது. உலக வங்கியின் உதவியோடு சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 625 மின்சாரப் பேருந்துகளை மொத்தச் செலவு ஒப்பந்த முறையில் அமர்த்தியது. முதல் 120 பேருந்துகள் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்டன. பேருந்து தனியாருடையது, ஓட்டுநர் தனியாரின் ஊழியர், பராமரிப்பும் அவர்களுடையது. பணிமனையின் நிலமும் நடத்துநரும் பயணியும் கட்டண இழப்பும் கழகத்துடையவை. குளிரூட்டப்படாத பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 77.16 ரூபாய் கொடுக்கப்பட வேண்டும். ஒரு பேருந்து நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால் ஆண்டுக்கு 56 இலட்சத்துக்கு மேல். ஒப்பந்தக் காலமான 12 ஆண்டுகளில் ஆறேமுக்கால் கோடி. அந்தக் காலம் முடியும்போது கழகத்தின் கையில் ஒரு பேருந்துகூட இருக்காது. தொழிற்சங்கங்கள் இதைப் பின்வாசல் தனியார்மயம் என்று எதிர்த்தது சரியே.

மும்பையின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1947 ஆகஸ்டில் பம்பாய் மாநகராட்சி தன் உடைமையாக்கிக்கொண்ட 'பெஸ்ட்' நிறுவனம், ஓர் உள்ளாட்சி தன் சொந்தப் பேருந்துகளைச் சிறப்பாக ஓட்ட முடியும் என்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சான்றாக விளங்கியது. கடந்த சில ஆண்டுகளில் வாடகைப் பேருந்துகள் பெருகின. சொந்தப் பேருந்துகள் தேய்ந்தன. 2023இல் ஒப்பந்த நிறுவனங்களின் ஓட்டுநர்கள் குறைந்த ஊதியத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது நகரமே தவித்தது. 2024 டிசம்பரில் குர்லாவில் வாடகை மின்சாரப் பேருந்து ஒன்று கூட்டத்தில் பாய்ந்து பலர் உயிரிழந்தனர். ஓட்டுநருக்குப் போதிய பயிற்சி அளிக்கப்பட்டதா என்ற கேள்வி அப்போது நாடெங்கும் எழுந்தது.

எர்ணாகுளத்துக்கும் வாடகைப் பேருந்தின் சிறு அனுபவம் உண்டு. 2019 பிப்ரவரியில் போக்குவரத்துக் கழகம் வாடகைக்கு எடுத்த மின்சாரப் பேருந்து திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு முதன்முதலாகப் புறப்பட்டு, சேர்த்தலை அருகே மின்கலம் தீர்ந்து நின்றது. நீண்ட தூரத்துக்கு உரிய மின்னேற்ற வசதியின்றி அவசரத்தில் தொடங்கப்பட்ட சேவை அது. மின்சாரப் பேருந்து பயனற்றது என்பதல்ல இதன் பொருள். எங்கே, எவ்வளவு தூரம், எந்த ஏற்பாட்டோடு என்று திட்டமிட்டு ஓட்ட வேண்டிய வாகனம் அது. குறுகிய தூரமும் திரும்பத் திரும்ப வரும் சுற்றும் கொண்ட நகர வழித்தடமே அதற்கு மிகப் பொருத்தமானது. தோப்பும்படி, மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, பள்ளுருத்தி ஆகியவற்றைச் சுற்றிவரும் வழித்தடம் அத்தகையது.

பொது உடைமைக்கு முன்மாதிரி கொச்சியிலேயே

மின்சாரப் பேருந்தின் பொருளாதாரம் எளிதில் விளங்கக்கூடியது. வாங்கும் விலை பெரிது. ஓட்டும் செலவு சிறிது. கொச்சி மெட்ரோவின் கணக்குப்படி ஒரு பேருந்து ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். இந்தத் தொடக்கச் செலவைத் தனியார் செய்தால் அதற்கான வட்டியும் இலாபமும் கிலோமீட்டர் வாடகையில் ஏறி உட்காரும். உள்ளாட்சியின் திட்ட நிதியோ நிலையான சொத்துகளை உருவாக்குவதற்கென்றே உள்ள நிதி. இலாபம் கேட்காத பணம். ஆண்டுக்குப் பத்துப் பேருந்து வீதம் ஒரு மன்றத்தின் ஐந்தாண்டுக் காலத்தில் ஐம்பது பேருந்துகள் நகரத்தின் சொத்தாகும். பெரிய எண்ணிக்கை அல்ல; மேற்குக் கொச்சியின் முகத்தை மாற்றப் போதுமான எண்ணிக்கை.

உள்ளாட்சியால் இது முடியுமா என்று ஐயுறுவோர் ஃபோர்ட் கொச்சி படகுத் துறைக்குச் சென்று பார்க்கலாம். வைப்பினுக்கு வாகனங்களோடு மக்களை ஏற்றிச் செல்லும் 'சேதுசாகர்' ரோ-ரோ கலங்கள் இரண்டும் கொச்சி மாநகராட்சியின் சொத்து. கொச்சி கப்பல் கட்டும் தளம் அவற்றைக் கட்டியது. 2018 முதல் மாநில அரசின் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம் இயக்கி வருகிறது. வாங்கியது உள்ளாட்சி, கட்டியது பொதுத்துறை, ஓட்டுவது மாநில நிறுவனம். இரண்டு கலங்களில் ஒன்று பழுதானால் இரு கரைகளிலும் வரிசை நீள்கிறது என்பதும் உண்மை. மாற்றுக் கலத்துக்கும் பராமரிப்புக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும் என்ற பாடத்தையும் அது சேர்த்தே கற்பிக்கிறது.

மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில் வைக்கம்–தவணக்கடவு இடையே 'ஆதித்யா' என்ற சூரிய ஆற்றல் படகை ஓட்டத் தொடங்கியபோது, நாட்டின் முதல் சூரிய ஆற்றல் பயணிகள் படகு என்ற பெருமையைப் பெற்றது ஓர் அரசுத் துறையே. சீனத்தின் ஷென்ஜென் நகரம் 2017ஆம் ஆண்டு இறுதிக்குள் 16,000க்கும் மேற்பட்ட தன் பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றியதும், மத்திய அரசும் நகர அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டு மின்னேற்ற நிலையங்களுக்கான இடத்தையும் திட்டமிட்டு ஒதுக்கியதால்தான். புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டுவரத் தனியார் மூலதனம் தேவை என்ற வாதத்துக்கு இவை போதுமான பதில்.

தொழிலாளியின் இடம்

பேருந்து பொதுச் சொத்தாக இருந்தால் மட்டும் போதாது. அதை ஓட்டுபவரின் வேலையும் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். ஸ்விஃப்ட் நிறுவனத்தில் ஒப்பந்த முறையில் ஊழியர்களை அமர்த்துவது குறித்துத் தொழிற்சங்கங்கள் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. மாநில அரசின் நிதி நெருக்கடி உண்மை. ஆனால் நெருக்கடியின் சுமை ஓட்டுநர், நடத்துநர் மீது இறங்கினால், பொதுத்துறைக்கும் வாடகை நிறுவனத்துக்கும் மக்கள் காணும் வேறுபாடு மங்கிப்போகும்.

தனியார் பேருந்துத் தொழிலாளர்களையும் மறந்துவிட முடியாது. அன்றாட வசூலைச் சார்ந்த ஊதியமே அவர்களைச் சாலையில் பந்தயம் ஓட வைக்கிறது. புதிய மின்சாரப் பேருந்துகள் தங்கள் பிழைப்பைப் பறிக்கும் என்று அவர்கள் அஞ்சினால், முதலாளிகள் அந்த அச்சத்தைக் கேடயமாக்கிக் கொள்வார்கள். பயிற்சியளித்து, புதிய சேவையில் அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். எர்ணாகுளத்தில் பல தொழிற்சங்கங்களைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர்கள் ஒன்றிணைந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்து மெட்ரோவுக்கு இணைப்புச் சேவை நடத்தியிருக்கிறார்கள். போட்டியாளர்களாகக் கருதப்பட்டவர்களைப் பொதுப் போக்குவரத்தின் பங்காளிகளாக்க முடியும் என்பதற்கு அது சான்று.

மன்றத்தில் எழ வேண்டிய குரல்

ஆகவே வரவிருக்கும் நிதிநிலை அறிக்கை விவாதத்தில் கொச்சியின் இடதுசாரி உறுப்பினர்கள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. முதலாவதாக, மின்சாரப் பேருந்துகளுக்கென மாநகராட்சியின் திட்ட நிதியில் தனித் தலைப்பில் ஒதுக்கீடு வேண்டும். வாங்கும் பேருந்துகள் மாநகராட்சியின் பெயரிலேயே இருக்க வேண்டும். இரண்டாவதாக, அவற்றை மாநிலப் பொதுத்துறை நிறுவனமே இயக்க வேண்டும்; வழித்தடம், நேரம், கட்டணம், இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறை ஆகிய அனைத்தும் எழுத்துபூர்வ ஒப்பந்தமாகி மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பெருநகரப் போக்குவரத்து ஆணையத்தில் மாநகராட்சிக்கும் அண்டை உள்ளாட்சிகளுக்கும் உரிய இடம் வேண்டும். எல்லை தாண்டும் வழித்தடங்களை அவை கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும். நான்காவதாக, முதல் பேருந்துகள் மேற்குக் கொச்சியில் ஓட வேண்டும். மட்டாஞ்சேரி படகுத் துறையில் கடைசிப் படகு வந்து சேரும்வரை அவை காத்திருக்க வேண்டும். ஐந்தாவதாக, பராமரிப்புக்கும் மின்கலம் மாற்றுவதற்குமான நிதி முதல் ஆண்டிலிருந்தே ஒதுக்கப்பட வேண்டும். ஆறாவதாக, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சட்டப்படியான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

ஐக்கிய ஜனநாயக முன்னணி இவற்றை ஏற்றால் வரவேற்கலாம். மறுத்தால் வார்டு கமிட்டிகளுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் இந்தக் கோரிக்கைகளை எடுத்துச் செல்வது இயக்கத்தின் கடமை. 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு வழங்குவதென இடதுசாரி அரசு முடிவெடுத்தது. மக்களே கூடித் தங்கள் தேவைகளை வரிசைப்படுத்தினார்கள். சாலையும் கிணறும் பள்ளிக் கட்டடமும் அப்படித்தான் தீர்மானமாயின. பேருந்து வழித்தடம் மட்டும் அந்த வரிசையில் சேராமல் நின்றுவிட்டது. அந்தக் குறையை நிறைவு செய்யும் காலம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி கதவைத் தட்டுகிறது. சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களுக்கு 1,125 மின்சாரப் பேருந்துகள் என்று 2025-26 மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அவை யாருடைய உடைமையாக ஓடும், யாருடைய நிலத்தில் நிறுத்தப்படும், அவற்றின் வழித்தடத்தில் மாமன்றத்துக்குச் சொல்லும் உரிமை உண்டா என்பதை இப்போதே கேட்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டிவரும்.

புகை கக்காத பேருந்து நகரத்தின் காற்றைக் காக்கும். அது மட்டாஞ்சேரியின் குறுகிய தெருவுக்கு வருமா, இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்ணுக்காக நிற்குமா, அவர் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் ஏற்றிச் செல்லுமா என்பதை மின்கலம் தீர்மானிப்பதில்லை. உடைமையும் அதிகாரமும் தீர்மானிக்கின்றன. அந்த உடைமையும் அதிகாரமும் மக்கள் மன்றங்களின் கையில் இருக்கச் செய்யும் போராட்டத்தை, இந்த நிதிநிலை அறிக்கையிலிருந்தே தொடங்க வேண்டும்.